கணக்குப்பிள்ளை கையில் வாள்: சண்டை தெரியாத பாத்திரத்துக்கு எந்த விதிநூல்?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) ஆடும் குழுவில் ஐந்து பேர் இருந்தால், சண்டை தெரியாத பாத்திரத்தை விரும்பி எடுக்கிறவர் ஒருவராவது இருப்பார். மருத்துவர், நூலகர், வணிகர், பூசாரி என்று ஏதாவது ஒன்று. முதல் ஒரு மணி நேரம் ஆட்டமே அவர் கையில்தான். பேரம் பேசுவார், பழைய ஏட்டைப் படித்து அர்த்தம் சொல்வார், காவலனைப் பேச்சில் மடக்குவார். அப்புறம் எவனோ ஒருவன் கத்தியை உருவுவான். அந்தச் சண்டை முக்கால் மணி நேரம் இழுக்கும். தன் முறை வரும்போதெல்லாம் இவர் பகடையை உருட்டி, "படலை" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அவர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. கையில் இருக்கிற விதிநூல் அவருக்கு வேறு வேலை கொடுக்கவில்லை. அதனால், சண்டைக்காரர் அல்லாத பாத்திரங்கள் பாதிக்குப் பாதி இருக்கப்போகும் ஒரு தொடர் ஆட்டத்தை ஆரம்பிக்கிறவர்கள் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எந்த விதிநூலில் ஆடுவது என்பதுதான்.

ஒப்பிட வசதியாக ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், கணக்குப்பிள்ளை. உடல் வலு சராசரி, சுறுசுறுப்பு சராசரி, ஆயுதப் பயிற்சி சுத்தமாகக் கிடையாது. கையில் யாரோ ஒரு வாளைத் திணித்துவிட்டார்கள். எதிரே பழகிய கை ஒன்று நிற்கிறது. ஒவ்வொரு விதிநூலும் இவரை என்ன செய்கிறது?

பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது, பயிற்சி இல்லாதவர் தாக்கினால் எத்தனை கழிக்க வேண்டும் என்ற ஒரு வரியைத்தான். −3, −4, −5 என்று ஏதோ ஓர் எண் கிடைத்ததும் விதிநூலை எடைபோட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் அந்த எண்ணுக்கு இத்தனை மரியாதை தேவையில்லை. தன்மேல் விழும் அடியைத் தடுக்க அவரிடம் என்ன இருக்கிறது, வாளை வீசாமலே சண்டையின் போக்கை மாற்ற அவரால் முடியுமா என்ற இரண்டும்தான் அவருடைய முக்கால் மணி நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

எல்லோரும் வைத்திருக்கும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து (சுருக்கமாக டி அண்ட் டி) ஆரம்பிப்போம். 1978-இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் ஆட்டக்காரர் நூலில், பழகாத ஆயுதத்தை எடுத்தால் போர்வீரனுக்கு −2, மந்திரவாதிக்கு −5. வாளைப் பிடித்துப் பழகியவன் கோடரியை எடுத்தாலும் ஓரளவு சமாளிப்பான், புத்தகமே கதி என்று கிடந்தவன் தடுமாறுவான் என்ற எண்ணம் அதில் இருந்தது. எனக்குப் பிடித்த விதி அது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு அதைச் சமப்படுத்தி எல்லோருக்கும் −4 ஆக்கியது. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் கழித்தலே இல்லை. பழகியவருக்கு முதல் நிலையில் (நிலை என்பது பாத்திரம் அனுபவத்தால் ஏறும் படி) +2 கூடும், பழகாதவருக்கு அது கூடாது, அவ்வளவுதான்.

ஆக, ஆர்மர் கிளாஸ் (தாக்குபவர் எட்ட வேண்டிய தற்காப்பு எண்) 15 உள்ள ஒரு காப்ளினை, அதாவது குட்டி அரக்கனை, கணக்குப்பிள்ளை வாளால் தாக்கினால் இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 30 சதவீத வாய்ப்பு. பக்கத்தில் நிற்கும் முதல் நிலைப் போர்வீரனுக்கு, நல்ல வலு இருந்தால், 55 சதவீதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருப்பிப் பாருங்கள். 2014 நூலில் உள்ள சாதாரண ஊர்க்காரருக்கு ஆர்மர் கிளாஸ் 10, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி, தீர்ந்தால் ஆள் விழுவார்) 4. காப்ளின் வாளை வீசினால் 75 சதவீதம் படும். பட்டால் பெரும்பாலும் அதோடு சரி. ஒரே வீச்சில் ஆள் விழும் வாய்ப்பு 63 சதவீதம். இந்த ஆட்டத்தில் தற்காப்பு என்பது கவசத்தையும் உடல் சுறுசுறுப்பையும் பொறுத்தது. வாள் பழகியவனும் பழகாதவனும் கவசமில்லாமல் ஒரே சுறுசுறுப்போடு நின்றால் இருவருக்கும் ஒரே எண். சரி, கவசத்தைப் போட்டுக்கொள்ளலாமே என்றால், பழகாத கவசம் போட்டவர் வலுவையோ சுறுசுறுப்பையோ வைத்து உருட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். மந்திரமும் பலிக்காது.

இதற்குள் ஒரு நல்ல வழி ஒளிந்திருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை. உதவி என்ற செயலுக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். எதிரிக்கு ஐந்தடி தூரத்தில் நின்று அவன் கவனத்தைக் கலைத்தால், அடுத்துத் தாக்கும் தோழர் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். போர்வீரனின் 55 சதவீதம் கிட்டத்தட்ட 80 ஆகிவிடும். கணக்குப்பிள்ளை தானே வாளை வீசி 30 சதவீத வாய்ப்போடு ஒரு சின்ன அடி அடிப்பதற்கு இது எவ்வளவோ மேல். விலகும் செயலை எடுத்தால் காப்ளினின் 75 சதவீதம் 56-க்கு இறங்கும். இந்த இரண்டையும் கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தின் எண்களை எழுதி வைக்கும் தாளில்) தாக்குதல்களுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் டி அண்ட் டி-யிலும் சமாளிக்கலாம். ஆனால் நிலை ஏற ஏறச் சிக்கல். பதினேழாம் நிலையில் பழகியவருக்கு அந்த +2 வளர்ந்து +6 ஆகியிருக்கும், பழகாதவர் சுழியத்திலேயே நிற்பார். நீண்ட நாள் ஓடும் தொடருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது கர்ப்ஸ். 1986-இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்டது, இப்போது புழக்கத்தில் இருப்பது 2004-இன் நான்காம் பதிப்பு. மூன்று ஆறுமுகப் பகடை உருட்டி, திறன் எண்ணுக்கு உள்ளே விழ வேண்டும். பழகாத திறனுக்கு அடிப்படைப் பண்பிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். வாளுக்கு −5. சராசரி சுறுசுறுப்பு 10 என்பதால் கணக்குப்பிள்ளையின் வாள் திறன் 5. மூன்று பகடையில் 5 அல்லது அதற்குக் குறைவாக விழும் வாய்ப்பு வெறும் 4.6 சதவீதம். இதோடு விடவில்லை. திறனைவிடப் பத்து அதிகமாக விழுந்தால் பெரும் பிழை என்று ஒரு விதி இருக்கிறது. திறன் 5 என்றால் 15 விழுந்தாலே வாள் கைநழுவுவது, தன்னையே வெட்டிக்கொள்வது போன்ற விபரீதங்கள். அதற்கான வாய்ப்பு 9.3 சதவீதம். எதிரியை வெட்டுவதைப் போல இரண்டு மடங்கு வாய்ப்பு தனக்கே ஏதாவது ஆவதற்கு!

இந்த இடத்தில்தான் பலர் நூலை மூடிவிடுகிறார்கள். மூடாமல் தற்காப்புப் பக்கத்தைத் திருப்பினால் கதையே வேறு. கர்ப்ஸில் விலகுவதற்கு ஆயுதத் திறன் தேவையில்லை. உடலின் அடிப்படை வேகத்தோடு 3 கூட்டினால் போதும், சராசரி ஆளுக்கு 8 வரும். ஓரடி பின்வாங்கியபடி விலகினால் +3. அந்தச் சுற்று முழுக்கத் தற்காப்புக்கே ஒதுக்கினால் இன்னும் +2. மொத்தம் 13. மூன்று பகடையில் 13-க்குள் விழும் வாய்ப்பு 83.8 சதவீதம். அதாவது வாள் பிடிக்கத் தெரியாத இதே மனிதர், பின்னால் இடம் இருக்கும்வரை, ஒரு வாள்வீரனின் ஆறு வீச்சில் ஐந்தைத் தப்பிப்பார். தோழர்கள் வந்து சேரும்வரை தாக்குப்பிடிப்பது என்பது இங்கே உண்மையான, பகடையோடு கூடிய ஒரு வேலை. எத்தனை அடி பின்னால் சுவர் இருக்கிறது என்பதைக் கேம் மாஸ்டர் (கதையையும் எதிரிகளையும் நடத்துபவர்) காகிதத்தில் வரைந்து வைத்தால், ஒவ்வொரு அடியும் பதற்றத்தைக் கூட்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெறுங்கையால் குத்துவதற்குக் கழித்தல் எதுவும் இல்லை, சுறுசுறுப்பு எண்ணே திறன். ஆகவே வாளைக் கீழே போட்டுவிட்டுக் குத்தினால் 50 சதவீதம். சேதம் சொற்பம்தான், என்றாலும் எதிரியின் கையைப் பிடித்துத் தொங்கவும் அதே எண் உதவும். பயிற்சி இல்லாத மனிதர் பயத்தில் என்ன செய்வாரோ அதையே விதியும் புத்திசாலித்தனமான வழியாக வைத்திருக்கிறது. கர்ப்ஸை எழுதியவர்கள் மேல் எனக்கு மதிப்பு கூடியது இந்த இடத்தில்தான். இதற்கு விலை என்னவென்றால், மேலே சொன்ன அத்தனையும் கேம் மாஸ்டருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆட்டக்காரர் தானாகக் கண்டுபிடிக்க மாட்டார். பாத்திரம் உருவாக்கும்போது ஒரே ஒரு புள்ளியை வாள் திறனில் போட்டால் 5 என்பது 9 ஆகிவிடும் என்பதையும் (4.6 சதவீதம் ஒரே தாவலில் 37.5 ஆகும்) யாராவது முன்கூட்டியே காதில் போட வேண்டும்.

அந்தத் தாவல் கர்ப்ஸுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. விண்வெளி ஆட்டமான டிராவலரின் மாங்கூஸ் பதிப்புகளில் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டி 8 எடுக்க வேண்டும். பயிற்சி இல்லையென்றால் −3, வாய்ப்பு 8.3 சதவீதம். திறன் எண் சுழியமாக இருந்தால்கூடப் போதும், கழித்தல் போய்விடும், வாய்ப்பு 41.7. ஆரம்பப் பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உள்ள இடைவெளியும், அவருக்கும் திறன் 3 வைத்திருக்கும் தொழில்முறை ஆளுக்கும் உள்ள இடைவெளியும் ஒரே அளவு. பாத்திரத்தின் முன்கதையில் ராணுவத்தை முதல் வேலையாக ஒரு தவணை, அதாவது நான்கு ஆண்டு, செய்திருந்தால் அந்தச் சுழியங்கள் வந்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படி ஒரு தவணை இல்லாதவரைச் சண்டைக்குள் இழுத்தால் டிராவலரிடம் சொல்லிக்கொள்ளும்படி வேறொன்றும் இல்லை. அங்கே சண்டையைத் தவிர்ப்பதுதான் ஆட்டம்.

சாவேஜ் வேர்ல்ட்ஸ் (2003) வேறு சாதி. முக்கியப் பாத்திரம் எதைச் செய்தாலும் திறன் பகடையோடு ஓர் ஆறுமுகப் பகடையையும் சேர்த்து உருட்டி, இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளும். பகடையின் உச்ச எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டலாம், முடிவே இல்லாமல். பயிற்சி இல்லாதவர் நாலு முகப் பகடையை எடுத்து, வந்ததில் 2 கழிக்க வேண்டும். தடுப்பு எண் (தாக்குபவர் எட்ட வேண்டிய எண்) 5 உள்ள எதிரியை அடிக்கக் கணக்குப்பிள்ளைக்கு 27 சதவீத வாய்ப்பு. பகடை வெடித்துக்கொண்டே போய், வாளைத் தொட்டுப் பார்க்காதவர் கொள்ளைக் கூட்டத் தலைவனை ஒரே வெட்டில் சாய்த்த கதைகள் இந்த ஆட்டத்தை ஆடும் எல்லாக் குழுவிடமும் இருக்கும். சினிமா மாதிரி ஆட்டம் வேண்டுமென்றால் இதுதான்.

ஆனால் இங்கேயும் வலி தற்காப்பில்தான். தடுப்பு எண் சண்டைத் திறனிலிருந்தே வருகிறது, திறன் இல்லாதவருக்கு அது 2. ஆறுமுகப் பகடை உருட்டும் ஒரு சாதாரண அடியாளுக்கு 2 எடுப்பது எம்மாத்திரம்? 83 சதவீதம் பட்டுவிடும். சண்டைத் திறனில் மிகக் குறைந்த படி ஒன்றை வாங்கினால் தடுப்பு 4 ஆகி அது 50-க்கு இறங்கும், தாக்குவதும் 27-லிருந்து 50-க்கு ஏறும். ஆகவே சாவேஜ் வேர்ல்ட்ஸில் சண்டைத் திறனே இல்லாத பாத்திரத்தை அனுமதிக்கும் கேம் மாஸ்டர் கொஞ்சம் கல்நெஞ்சக்காரர். இப்போதைய அட்வென்ச்சர் பதிப்பில் ஓர் ஆறுதல் உண்டு. கேலி செய்து, மிரட்டி, காலை வாரி எதிரியைத் தடுமாற வைக்கலாம், அதற்கு வாள் திறன் வேண்டாம். தடுமாறியவன் மேல் தோழர்கள் தாக்கினால் +2 கிடைக்கும். வாய்நீளமுள்ள பாத்திரத்துக்கு இது அல்வா.

இனி எனக்கு மிகவும் பிடித்த இரண்டு. முதலாவது கேயோசியம் நிறுவனத்தின் கால் ஆஃப் கதுலு என்ற திகில் ஆட்டம். 1981-இல் வந்தது, நான் சொல்லும் எண்கள் 2014-இன் ஏழாம் பதிப்பினுடையவை. இங்கே பாத்திரங்களில் பெரும்பாலோர் பேராசிரியர், நிருபர், பழம்பொருள் வியாபாரி போன்றவர்கள். சண்டை தெரியாமல் இருப்பதே இயல்பு. அதனால் "பயிற்சி இல்லாதவர்" என்று தனி விதியே கிடையாது. ஒவ்வொரு திறனுக்கும் எல்லோருக்கும் பொதுவான ஓர் ஆரம்பச் சதவீதம் கேரக்டர் ஷீட்டிலேயே அச்சாகியிருக்கும். கைகலப்பு 25, கைத்துப்பாக்கி 20, ரைஃபிளும் ஷாட்கன்னும் 25, வாள் 20. கர்ப்ஸின் 5-ஐ ஒப்பிட்டால் இது தாராளம்.

தாராளம் போலத் தெரிவது கைகலப்பில் உடனே கரைந்துவிடும். அடிக்கப் போனால் எதிரி சும்மா நிற்க மாட்டான். விலகலாம், இல்லை திருப்பி அடிக்கலாம். திருப்பி அடித்தால் இரு தரப்பும் உருட்டி, யாருடைய வெற்றி உயர்தரமோ அவர் அடி விழும். கணக்குப்பிள்ளை தன் 25 சதவீதத்தோடு, 50 சதவீதத் திறன் உள்ள ஒருவன் மேல் பாய்ந்தால், இவர் அடி விழும் வாய்ப்பு சுமார் 21 சதவீதம், அவன் அடி இவர்மேல் விழும் வாய்ப்பு சுமார் 41. இது இவருடைய முறை என்பதை மறந்துவிடாதீர்கள். தன் முறையில் அடி வாங்கும் வாய்ப்பு அடிக்கும் வாய்ப்பைப் போல இருமடங்கு. இரண்டு சண்டைக்குள் குழு முழுக்க இதைப் புரிந்துகொண்டு, அதற்கேற்ப நடக்க ஆரம்பிக்கும். விளக்கை அணைப்பார்கள், கதவைப் பூட்டுவார்கள், ஓடுவார்கள்.

அப்புறம் கூட்டமாகப் பாயக் கற்றுக்கொள்வார்கள். ஒரு சுற்றில் எதிரி ஒருமுறை தடுத்தோ விலகியோவிட்டால், அடுத்து அவனை அடிப்பவருக்கு, சதவீதம் உருட்டும் இரண்டு பத்துமுகப் பகடைகளில் பத்துகளைக் காட்டும் பகடை ஒன்று கூடுதலாகக் கிடைக்கும், இரண்டில் குறைந்ததை எடுக்கலாம். 25 என்பது 43-க்கு மேல் போய்விடும். மூன்று பேராசிரியர்கள் ஒரு முரடனை மடக்குவது இப்படித்தான். துப்பாக்கி இன்னும் தெளிவு. அதைத் திருப்பி அடிக்க முடியாது, மறைவுக்குப் பாயத்தான் முடியும். கைக்கெட்டும் தூரத்தில், சராசரி ஆளுக்குப் பத்தடிக்குள், சுட்டால் அந்தக் கூடுதல் பகடை இதற்கும் உண்டு, கைத்துப்பாக்கியின் 20 சதவீதம் 36 ஆகும். பன்னிரண்டு கேஜ் ஷாட்கன் பத்து கஜத்துக்குள் நான்கு ஆறுமுகப் பகடைச் சேதம் கொடுக்கும், சராசரி 14. ஒரு மனிதனின் ஹிட் பாயிண்ட் 11 அளவில்தான் இருக்கும். பயிற்சி இல்லாதவரின் கையிலும் ஷாட்கன் ஷாட்கன்தான் என்று இந்த விதிநூல் நம்புகிறது. அதே எண்கள் எதிரிக்கும் பொருந்தும் என்பது இதன் மறுபக்கம். ரிவால்வர் குண்டு ஒன்று பட்டால் இரண்டுக்கு ஒருமுறை பெருங்காயம், ஆள் கீழே விழுந்து மயங்காமல் இருக்கத் தனியாக உருட்ட வேண்டும்.

இன்னொன்றும் இதில் அருமை. வெற்றிகரமாகப் பயன்படுத்திய திறனுக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டுக்கொள்ளலாம். அத்தியாயம் முடிந்ததும் அந்தத் திறனைவிட அதிகமாக உருட்டினால் திறனில் பத்துப் புள்ளி வரை கூடும். 25-இல் இருப்பவருக்கு ஏறும் வாய்ப்பு 75 சதவீதம், 80-இல் இருப்பவருக்கு 20. தெரியாதவர்தான் வேகமாகக் கற்றுக்கொள்கிறார். ஒரு நிருபர் பத்துக் கதைகளுக்குப் பிறகு துப்பாக்கியைப் பிடிக்கும் விதமே மாறிப்போயிருக்கும், அதற்கான காரணம் ஒவ்வொன்றும் குழுவுக்கு ஞாபகம் இருக்கும்.

இரண்டாவது, ஈவில் ஹேட் வெளியிட்ட ஃபேட் கோர் (2013). + − வெற்று என்று குறியிட்ட நான்கு பகடை, அதோடு திறன். சண்டைத் திறன் இல்லாதவருக்குச் சுழியம். எதிரிக்கு +3 என்றால் நேராக மோதி அடிக்கும் வாய்ப்பு 6.4 சதவீதம், ஏறக்குறைய கர்ப்ஸ் அளவுக்கு மோசம். ஆனால் ஃபேட்டில் நேராக மோதுகிறவர் விதிநூலைப் படிக்காதவர். சாதகம் உருவாக்குவது என்று ஒரு செயல் இருக்கிறது, எந்தத் திறனை வைத்தும் செய்யலாம். கிடங்கில் சண்டை நடக்கிறது என்று வையுங்கள். எந்தப் பீப்பாயில் என்ன இருக்கிறது என்பது கணக்குப்பிள்ளைக்கு அத்துப்படி. எண்ணெய்ப் பீப்பாயைத் தேர்ந்து உருட்டிவிடுகிறார். ஒரு துண்டுக் காகிதத்தில் "தரையெல்லாம் எண்ணெய்" என்று எழுதி மேசை நடுவே வைக்கிறோம். உருட்டல் அமோகமாக அமைந்தால் அதை இலவசமாக இரண்டு முறை பயன்படுத்தலாம், ஒவ்வொரு முறையும் +2. இரண்டையும் சேர்த்து அவரே அடித்தால்கூட அந்த 6.4 சதவீதம் 58 ஆகிறது. தோழரிடம் கொடுத்தால் எதிரி எழுந்திருக்க மாட்டான்.

மேசை நடுவே விழும் அந்தக் காகிதத் துண்டு செய்யும் வேலை பெரிது. போனை எடுத்தவர் போனை வைத்துவிடுவார். அடுத்தவர் முறையில் அவர் எழுதிய வரி பயன்படும்போது "எண்ணெயில வழுக்கினான்ல, அது நான் கவுத்தது" என்று சத்தம் வரும். தோற்பது நிச்சயம் என்று தெரிந்தால், எதிரி பகடையை உருட்டும் முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டு, எப்படித் தோற்றேன் என்பதில் தன் சொல்லையும் வைக்கலாம், ஒரு ஃபேட் புள்ளியும் கிடைக்கும். சண்டை தெரியாத பாத்திரத்துக்கு இதைவிட மரியாதையான வெளியேற்றம் வேறெந்த நூலிலும் நான் பார்த்ததில்லை. குறை என்னவென்றால், பயம் குறைந்துவிடும். எண்ணெய், புகை, சங்கிலி என்று எல்லாமே +2 ஆனபின் கத்திக்கு இருக்க வேண்டிய கனம் இல்லாமல் போகிறது. திகில் கதைக்கு இது ஒத்துவராது.

பகடை உருட்டித் தாக்குவதையே எடுத்துவிட்ட ஆட்டங்களும் இருக்கின்றன. 2020-இல் வந்த கெய்ர்னில் தாக்கினால் பட்டுத்தான் ஆகும். சேதத்தை உருட்டு, கவசத்தைக் கழி, முடிந்தது. வாள் எட்டு முகப் பகடை, யார் பிடித்தாலும். கணக்குப்பிள்ளைக்கும் தளபதிக்கும் வித்தியாசம் சூழ்நிலையில் மட்டுமே வருகிறது. வசமில்லாத நிலையில் தாக்கினால் நாலு முகம், வசமான நிலையில் பன்னிரண்டு முகம். நூல் இலவசமாகவே கிடைக்கிறது, பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். எதிரியும் தவறாமல் அடிப்பான் என்பதால் சண்டை இரண்டு மூன்று சுற்றில் முடியும், போன் பார்க்க நேரமே இருக்காது. இதுவரை ஆடியே இராதவர்கள் நால்வர் வீட்டுக்கு வந்திருந்தால் நான் எடுப்பது இதைத்தான். ஒரே வருத்தம், போர்வீரனாக ஆட வந்தவர் "அப்போ எனக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பார், பதில் சொல்வது கஷ்டம். டஞ்சன் வேர்ல்டும் (2012) கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான். அதில் வெற்றி வாய்ப்பைவிட, சேதப் பகடையில்தான் பயிற்சி தெரியும். போர்வீரனுக்குப் பத்து முகம், மந்திரவாதிக்கு நான்கு முகம்.

கடைசியாக, குட்மேன் கேம்ஸின் டஞ்சன் க்ரால் கிளாசிக்ஸ் (2012). இது கேள்வியையே தலைகீழாக்குகிறது. ஆரம்பத்தில் எல்லோருமே தெரியாதவர்கள்தான். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு முதல் நான்கு கிராமத்தார், ஆளுக்கு நாலு முகப் பகடை ஒன்று உருட்டிய ஹிட் பாயிண்ட், தொழிலுக்கேற்ற ஏதோ ஓர் ஆயுதம். தேனீ வளர்ப்பவருக்குத் தடியும் ஒரு ஜாடித் தேனும், கசாப்புக்காரருக்குப் பெரிய கத்தியும் ஒரு பக்க மாட்டிறைச்சியும். பழகாத ஆயுதத்தை எடுத்தால் கழித்தல் கிடையாது, இருபது முகத்துக்குப் பதில் பதினாறு முகப் பகடை. அத்தனை பேரையும் ஒரு குகைக்குள் அனுப்புவார்கள். முக்கால்வாசிப் பேர் திரும்ப மாட்டார்கள். மிஞ்சியவர் முதல் நிலைக்கு ஏறி, அப்போதுதான் போர்வீரனா திருடனா என்று முடிவாகும். ஒரு மாலைக்கு இதைவிடக் கலகலப்பான ஆட்டம் கிடையாது. ஆனால் தன் பாத்திரத்துக்கு மூன்று பக்க முன்கதை எழுதி வருகிற நண்பர் குழுவில் இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.

சரி, எதை எடுப்பது?

குழு முழுவதும் சாதாரண மனிதர்கள், கதையில் பயம் இருக்க வேண்டும் என்றால் கால் ஆஃப் கதுலு, மறுயோசனை வேண்டாம். பேய் பூதம் பிடிக்காவிட்டால் அவற்றைத் தூக்கிவிட்டு வெறும் துப்பறியும் கதையாகவும் ஆடலாம், சண்டை விதிகள் அப்படியே ஓடும்.

மூன்று சண்டைக்காரர்கள், ஒரு கணக்குப்பிள்ளை என்ற கலவையாக இருந்தால் ஃபேட். அந்த ஒருவர் ஒதுங்கி உட்காராமல் இருப்பதற்கு வேறெதுவும் இவ்வளவு உறுதி தருவதில்லை. குழுவுக்கு ஃபேட்டின் கதைத்தனம் பிடிக்காது, பகடை கனமாக விழ வேண்டும் என்றால் சாவேஜ் வேர்ல்ட்ஸ் எடுத்து, எல்லோருக்கும் சண்டைத் திறனில் முதல் படியை இலவசமாகக் கொடுத்துவிடுங்கள். தடுப்பு எண் 2 என்ற கொடுமை அதோடு தீரும்.

கர்ப்ஸ் எனக்குப் பிடிக்கும் என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் கேம் மாஸ்டர் அதை ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தால் மட்டுமே. புதிதாகக் கற்றுக்கொண்டு நடத்துவதென்றால் தற்காப்பு விதிகள் எல்லாம் கைக்கு வரும் முன்பே கணக்குப்பிள்ளை இறந்துபோயிருப்பார்.

டி அண்ட் டி-யைத் தவிர வேறெதற்கும் குழு தயாராக இல்லை என்பதும் நடக்கும், பல குழுக்களின் நிலை அதுதான். அப்படியானால் முதல் சில நிலைகளோடு தொடரை முடித்துக்கொள்ளத் திட்டமிடுங்கள். ஊர்க்காரரின் 4 ஹிட் பாயிண்டை ஆட்டக்காரர் தலையில் கட்டாமல் போர்வீரன், மந்திரவாதி போன்ற ஏதாவது ஒரு வகுப்பின் ஹிட் பாயிண்டைக் கொடுங்கள். உதவி, விலகல் இரண்டையும் ஷீட்டில் பெரிதாக எழுதுங்கள். காப்ளின்களுக்கும் உயிர் வெல்லம்தான் என்பதால், பாதிப் பேர் விழுந்ததும் மீதிப் பேரை ஓட விடுங்கள்.